பாதி வழி போன விமானம் ஏன் திரும்புகிறது?

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. மதியம் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஹைதராபாதுக்குக் கிளம்பிய லுஃப்தான்சா விமானம், மாலையில் மறுபடி பிராங்க்ஃபர்ட்டிலேயே வந்து இறங்கியது. அதே நாளில் லண்டனிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமும் திரும்பிவிட்டது. இரண்டும் போயிங் 787. அகமதாபாத்தில் இன்னொரு 787 விபத்துக்குள்ளாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கேட்க வேண்டுமா? "787 எல்லாமே ஓட்டை" என்று வீட்டுக்கு வீடு தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

லண்டன் விமானத்தில் தொழில்நுட்பக் கோளாறு இருந்தது உண்மை. லுஃப்தான்சா கதை வேறு. ஹைதராபாத் விமான நிலையத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. இறங்க அனுமதி கிடைக்கவில்லை. விமானம் அப்போது இந்திய வான்வெளியைத் தொட்டிருக்கவே இல்லை. திரும்பிவிட்டார்கள். விமானம் எந்த ரகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

விமானம் திரும்பினால் உயிர் தப்பியதாகத்தான் அர்த்தம் என்பது அடுத்த நம்பிக்கை. பெரும்பாலும் காரணம் அவ்வளவு கம்பீரமாக இருப்பதில்லை. 2023 ஏப்ரலில் வியன்னாவிலிருந்து நியூயார்க் கிளம்பிய ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் விமானம் (இதுவும் லுஃப்தான்சா குழுமம்தான்) ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பறந்தபின் திரும்பியது. எட்டுக் கழிப்பறைகளில் ஐந்து வேலை செய்யவில்லை. முந்நூறு பேர், மூன்று கழிப்பறை, இன்னும் ஆறேழு மணி நேரம். நானாக இருந்தாலும் திரும்பத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, காபி. 2019 பிப்ரவரி 6, பிராங்க்ஃபர்ட்டிலிருந்து மெக்சிகோவின் கான்கூனுக்குப் போன காண்டோர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330. தலைமை விமானிக்குக் காபி வந்தது; கோப்பைக்கு மூடி இல்லை. அதை வைக்க ஒரு தாங்கி உண்டு, ஆனால் அந்த அளவுக் கோப்பையை அதில் வைத்து எடுப்பது சிரமம். அதனால் முன்னால் இருந்த சின்ன மேசைத்தட்டில் வைத்தார். கவிழ்ந்தது. பெரும்பகுதி மடியில், கொஞ்சம் ரேடியோ பேச்சைக் கட்டுப்படுத்தும் பலகையில். துடைத்தார்கள். சற்று நேரத்தில் பலகை சூடேறியது, பொத்தான் உருகத் தொடங்கியது, கருகல் வாடை, புகை. அட்லாண்டிக் நடுவே பேச்சுத் தொடர்பே தடுமாறும்போது யார் முன்னே போவார்கள்? அயர்லாந்தின் ஷானனுக்குத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு விமானிகளுக்குத் தாங்கியில் பொருந்துகிற கோப்பை கொடுக்கப்பட்டது.

"பாதி தூரம் வந்தாச்சு, மிச்சத்தையும் ஓட்டிடலாமே?" திரும்பும் விமானத்தில் தவறாமல் காதில் விழும் வசனம் இது. இந்த வசனத்துக்குக் காக்பிட்டிலேயே காது கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள்.

2000 ஜூலை 12. கிரேக்கத் தீவான கிரீட்டின் ஹானியாவிலிருந்து ஹானோவருக்கு ஹாபாக்-லாய்ட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 கிளம்பியது. உள்ளே சுமார் 150 பேர். மேலே ஏறியதும் சக்கரங்கள் முழுதாக உள்ளே மடங்கவில்லை. சக்கரத்தைத் தொங்கவிட்டபடி பறப்பதில் உடனடி ஆபத்து இல்லை. காற்று இழுப்பதால் எரிபொருள்தான் மளமளவென்று தீரும். ஹானியாவுக்கே திரும்பியிருக்கலாம், வழியில் வேறு எங்காவது இறங்கியிருக்கலாம். நிறுவனத்தோடு பேசிவிட்டு, ஹானோவர் முடியாவிட்டால் மியூனிக் வரையாவது போய்விடலாம் என்று முடிவெடுத்தார்கள். சொந்த நாடு, சொந்த ஆட்கள், பழுது பார்க்க வசதி.

எரிபொருள் எவ்வளவு தூரம் வரும் என்று கணினி காட்டிய எண்ணை நம்பினார்கள். அந்தக் கணக்கோ சக்கரங்கள் உள்ளே இருப்பதாக வைத்துப் போட்டது! மியூனிக் எட்டாது என்று தெரிந்தபோது வியன்னா என்றார்கள். வியன்னாவை நெருங்கும்போது இரண்டு எஞ்சினும் நின்றன. விமானம் காற்றில் சறுக்கியபடியே வந்து, ஓடுபாதை தொடங்குவதற்குச் சில நூறு மீட்டர் முன்பே புல்தரையில் இறங்கியது. ஒருவரும் சாகவில்லை, சிலருக்கு லேசான காயம். விமானம் மறுபடி பறக்கவில்லை. 2004-இல் ஹானோவர் நீதிமன்றம் தலைமை விமானிக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தது. பயணிகளைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டதற்காக ஒரு விமானி கூண்டில் ஏறியதாக நான் படித்ததில்லை.

சரி, கோளாறு என்றால் பக்கத்தில் இறங்க வேண்டியதுதானே, கிளம்பின இடத்துக்கே ஏன் வர வேண்டும்? புகை, தீ, மாரடைப்பு என்றால் பக்கத்து நிலையம்தான், பேச்சே இல்லை. அவசரமில்லாத கோளாறு என்றால் கணக்கு வேறு. பிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவின் பொறியாளர்கள் இருக்கிறார்கள், உதிரிபாகம் இருக்கிறது, மாற்று விமானமும் மாற்று ஊழியர்களும் கிடைக்கலாம். வழியில் ஏதோ ஒரு நாட்டில் இறங்கினால், அந்த நாட்டு விசா இல்லாத இந்தியப் பயணி நிலையத்துக்குள்ளேயே இரவைக் கழிக்க வேண்டியிருக்கும்.

எரிபொருளைக் கொட்டிவிட்டு இறங்குகிறார்கள் என்பதும் பாதிதான் சரி. போயிங் 747-8 சுமார் 447 டன் எடையோடு மேலே ஏறலாம். இறங்கும்போது 312 டன்தான் வரம்பு. இடைவெளியைக் குறைக்கத்தான் எரிபொருளை வெளியேற்றுகிறார்கள், அதுவும் கட்டுப்பாட்டு அறை ஒதுக்கும் பகுதியில், உயரத்தில். ஜெர்மனியின் பலாட்டினேட் காட்டுப் பக்கத்து மக்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். பெரும்பகுதி தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும் என்பது அதிகாரிகளின் பதில். ஏ320, 737 போன்ற சின்ன விமானங்களில் கொட்டும் வசதியே கிடையாது. வட்டமடித்து எரித்துத் தீர்ப்பார்கள், அல்லது கனத்தோடு இறங்கிப் பிறகு சோதனை செய்வார்கள்.

கடைசியாக, பணம். "கிளம்பிட்டுத்தானே திரும்பினோம், அதனால் இழப்பீடு கிடையாது" என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பாதீர்கள். பாரிசிலிருந்து ஸ்பெயினின் வீகோவுக்குக் கிளம்பித் திரும்பிய ஒரு விமானத்தின் வழக்கில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதும் 'ரத்து'தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு தப்பிக்கும் காரணமாகாது என்பதை 2008-லேயே சொல்லிவிட்டது. வெடிகுண்டு மிரட்டல் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாதவற்றுக்கு இழப்பீடு கிடையாது; சாப்பாடும் ஹோட்டலும் அப்போதும் அவர்கள் பொறுப்பு. பிராங்க்ஃபர்ட்–சென்னை தூரத்துக்கு இழப்பீடு 600 யூரோ வரை. திரும்பியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். ஜெர்மனியில் கேட்பதற்கு அந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு: 2025 ஜூனில் திரும்பிய விமானத்துக்கு 2028 டிசம்பர் 31 வரை.