ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: போனஸுக்கும் காலாவதி உண்டு

1999-இல் வெளிவந்த ஒரு விளையாட்டு இன்னும் புதுப் புது நாகரிகங்களோடு உயிர்ப்பாக இருக்கிறது. 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபிறகு பழைய ஆட்டக்காரர்கள் பலர் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் சேர்ந்தார்கள். வளங்கள் அன்றுபோல இன்றும் நான்குதான்: உணவு, மரம், தங்கம், கல். அவற்றைச் சேர்ப்பதில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஏதாவது ஒரு சலுகை உண்டு. பட்டியலில் எந்தச் சதவீதம் பெரிதாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து டவுன் சென்டர் எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இது. பேட்ச் வரும்போதெல்லாம் எண்கள் ஒன்றிரண்டு நகரும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, அதைக் கணக்கில் சேர்க்கும் விதத்தைப் பிடித்துக்கொள்வது மேல்.

செய்ய வேண்டியவை

ஆட்டம் தொடங்குமுன் உங்கள் போனஸ் எப்போது தீரும் என்று கேளுங்கள். மங்கோலியரின் வேட்டைக்காரர்கள் 40 சதவீதம் வேகமாக இறைச்சி சேர்ப்பார்கள். கேட்க அமோகம்தான். ஆனால் வரைபடத்தில் உங்கள் பக்கம் பெரும்பாலும் இரண்டு காட்டுப்பன்றிகள், தலைக்கு 340 உணவு. கொஞ்சம் மான்கள், தலைக்கு 140. வேகமாகச் சாப்பிட்டால் வேகமாகத் தீரும், அவ்வளவே. மங்கோலியருக்குக் கூடுதல் உணவு கிடைப்பதில்லை, முன்கூட்டியே கிடைக்கிறது. அந்த ஓரிரு நிமிட முந்தலை ஃபியூடல் யுகத்துக்குச் சீக்கிரம் போய் எதிரியின் மரவெட்டிகளைக் குதிரைகளால் துரத்தப் பயன்படுத்தினால் போனஸ் பலித்தது. சுவர் கட்டிக்கொண்டு காஸில் யுகம்வரை அமைதியாக இருந்தீர்களென்றால், சலுகையே இல்லாத ஒரு நாகரிகத்தை எடுத்து ஆடிய மாதிரிதான்.

வேகத்தையும் அளவையும் தனித்தனியாகப் பாருங்கள். துருக்கியர் தங்கம் வெட்டுவதில் 20 சதவீதம் வேகம். மாயர்களுக்கு வேகம் அதே, ஆனால் வளங்கள் 15 சதவீதம் கூடுதலாக நீடிக்கும். ஒரு தங்கக் கட்டியில் 800 தங்கம். துருக்கியர் அதே 800-ஐச் சீக்கிரம் எடுப்பார்கள். மாயர் அதிலிருந்து 900-க்கும் மேல் எடுப்பார்கள். இப்போது இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தங்கம் தீர்ந்தபின் ஆட்டத்தைத் தாங்குவது உணவும் மரமும் மட்டும் கேட்கும் வீரர்கள்தான்: ஈட்டிக்காரர், ஸ்கர்மிஷர், லைட் கேவல்ரி. துருக்கியரிடம் பைக்மேனும் கிடையாது, எலீட் ஸ்கர்மிஷரும் கிடையாது. ஆக, தங்கத்தை எல்லோருக்கும் முன்னால் தீர்த்துவிடும் கூட்டத்திடமே தங்கம் இல்லாத காலத்துக்கான சரக்கு குறைவு. ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் துருக்கியரை எடுத்தால், தங்கம் கையில் இருக்கும்போதே ஜானிசரிகளையும் பீரங்கிகளையும் வைத்து முடிவைக் கொண்டுவந்துவிட வேண்டும். வடிவமைத்தவர்களின் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆடுகளை ஒவ்வொன்றாக, டவுன் சென்டரின் காலடியிலேயே அறுங்கள். ஆடு ஒன்றுக்கு 100 உணவு. வெட்டிய இறைச்சி நேரம் போகப்போக அழுகும். மூன்று ஆடுகளை ஒன்றாக வெட்டிப் போட்டு இரண்டு பேரை நிறுத்தினால் பாதி வீணாகும். மேய்ப்பர்கள் 25 சதவீதம் வேகமாக வேலை செய்யும் பிரிட்டானியர்களை எடுத்தவர்கள்கூட இந்த ஒரு சோம்பலில் சலுகை முழுவதையும் இழப்பதைப் பார்க்கலாம்.

வில்லேஜர் உற்பத்தியை நிறுத்தாதீர்கள். ஒருவருக்கு 50 உணவு, 25 வினாடி. அதாவது நிமிடத்துக்கு 120 உணவு டவுன் சென்டருக்கே போக வேண்டும். ஆரம்பத்தில் கையில் இருப்பது 200 உணவு, நான்கு பேருக்குச் சரி. அதற்குள் ஆட்டிறைச்சி வரத் தொடங்கியிருக்க வேண்டும். எந்த நாகரிகத்தின் எந்தப் போனஸும், டவுன் சென்டர் இரண்டு நிமிடம் சும்மா நின்ற நஷ்டத்தை ஈடுகட்டுவது கடினம்.

ஆரம்ப மரத்தை எண்ணிச் செலவழியுங்கள். 200 மரம். இரண்டு வீடுகளுக்கு 50, மரவெட்டி முகாமுக்கு 100. மீதி 50-ஐ வைத்துக்கொண்டு, பெர்ரிப் புதர்களுக்குப் பக்கத்தில் மில் கட்ட இன்னொரு 50 வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது வீட்டை அவசரப்பட்டுக் கட்டினால் அந்த மில் தள்ளிப்போகும்.

பண்ணை மேம்பாட்டை முதல் சில வயல்கள் போட்ட கையோடு செய்துவிடுங்கள். 60 மரத்தில் போடும் வயல் 175 உணவு தரும். ஹார்ஸ் காலர் செய்தால் 250. பின்னால் ஹெவி பிளௌ, கிராப் ரொட்டேஷன் இரண்டும் சேர்ந்தால் 550. பெயரில் உணவு மேம்பாடு என்றாலும் இதில் உண்மையில் மிச்சமாவது மரம்.

காஸில் யுகம் வந்ததும் ரெலிக்குகளைத் தேடுங்கள். துறவி ஒருவருக்கு 100 தங்கம். அவர் கொண்டுவந்து மடத்தில் வைக்கும் ஒரு ரெலிக் நிமிடத்துக்கு 30 தங்கம் தரும். மூன்றரை நிமிடத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் இலவசம், யாராலும் வெட்டித் தீர்க்க முடியாதது. அஸ்டெக்குகளுக்கு இதிலேயே 33 சதவீதம் கூடுதல். பர்கண்டியர்களுக்கு ரெலிக் தங்கத்தோடு உணவும் தரும். லித்துவேனியர்களுக்கோ ஒவ்வொரு ரெலிக்கும் நைட்களின் தாக்குதலை ஒன்று கூட்டும், நான்கு வரை. எதிரி லித்துவேனியர் என்றால் உங்களுக்குத் தங்கம் தேவையே இல்லாவிட்டாலும் ரெலிக்குகளைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

திராவிடர்களை எடுத்தால், யுகம் மாற்றும் பட்டனை அழுத்தும்போதே அடுத்த 200 மரத்துக்கு வேலை வைத்திருங்கள். 2022 ஏப்ரலில் வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் சேர்ந்தவர்கள் இவர்கள். ராஜேந்திர சோழனின் பெயரில் தனிக் கேம்பைனும் உருமி வாள்வீரர்களும் இருப்பதால் நம்மில் பலர் முதலில் கிளிக் செய்வது இவர்களைத்தான். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் மொத்தமாகக் கையில் விழும். சேர்க்கும் வேகம் எதுவும் மாறாது. ஆகவே கட்டடம் கட்டும் இரண்டு பேர் இடத்தில் தயாராக நின்று, ஃபியூடல் ஒலி கேட்ட கணமே ஆர்ச்சரி ரேஞ்ச் எழும்பத் தொடங்க வேண்டும், அதற்கு 175 மரம். தண்ணீர் வரைபடமென்றால் இரண்டு மீன்பிடிப் படகுகள். மீனவர்கள் சுமப்பதும் இவர்களுக்கு அதிகம், எனவே இவர்கள் முழுப் பலத்தோடு இருப்பது கடலில்தான். திறந்த நிலத்தில் நைட் படை இல்லாத குறை உடனே தெரிந்துவிடும். சோழப் பாசத்துக்காகப் பாலைவன வரைபடத்தில் எடுப்பேன் என்றால் எடுங்கள், தடுக்கவில்லை.

செய்யக்கூடாதவை

திரையின் மேல்வரியில் எண்கள் பெருகுவதைப் பார்த்து மகிழாதீர்கள். காஸில் யுகத்துக்கு 800 உணவும் 200 தங்கமும் சேர்ப்பது ஒரு காரணத்தோடு. 1,500 மரம் சும்மா கிடப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது. சேமிப்புக்கு இந்த ஆட்டத்தில் வட்டி இல்லை.

சீனர்களை முதல் நாளிலேயே தொடாதீர்கள். மூன்று வில்லேஜர்கள் கூடுதல் என்பதை மட்டும் படித்துவிட்டு எடுப்பவர்கள், 200 உணவும் 50 மரமும் கழிக்கப்படுவதைக் கவனிப்பதில்லை. ஆறு பேர் நிற்பார்கள், உணவு பூஜ்யம். ஆடு கண்ணில் படத் தாமதித்தால் டவுன் சென்டர் முதல் வினாடியிலிருந்தே சும்மா நிற்கும். தேர்ந்த கைகளில் பலமான நாகரிகம்தான். அந்தக் கைகள் முதல் நிமிடத்தில் செய்வதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சந்தையை வருமானம் என்று நினைக்காதீர்கள். தொடக்கத்தில் 100 மரம் விற்றால் 70 தங்கம்தான் வரும். 100 உணவு வாங்க 130 தங்கம் கேட்கும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் விலை உங்களுக்கு எதிராக நகர்ந்துகொண்டே போகும். யுகம் ஏற 60 உணவு குறைகிறது என்றால் ஓடிப்போய் வாங்குங்கள். தினப்படிச் செலவுக்கு அங்கே போய் நின்றால் கதை முடிந்தது. கூட்டாளியின் சந்தைக்கு வண்டி விட்டு வணிகம் செய்வது வேறு. அது அணி ஆட்டத்தின் நீண்ட கால வருமானம், தூரம் கூடக்கூடத் தங்கம் கூடும்.

லூம் செய்யாமல், உயிர் குறைந்த ஆளைக் காட்டுப்பன்றியிடம் அனுப்பாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு ஆள் போவது 50 உணவோடு நிற்பதில்லை. அவர் அதுவரை சேர்த்திருக்க வேண்டியதும் போகும். லூமுக்கு 50 தங்கம், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கல்லை ஆரம்பத்திலேயே கோபுரங்களில் கொட்டாதீர்கள். கையில் உள்ள 200 கல், காஸில் யுகத்தில் இரண்டு கூடுதல் டவுன் சென்டர்களுக்கு அப்படியே பொருந்தும், ஒன்றுக்கு 100. முதல் கோட்டைக்கு 650 கல் வேண்டுமென்றால் நான்கைந்து பேரைக் கல்லுக்கு மாற்றுங்கள், கோட்டை எழும்பியதும் திரும்ப அழைத்துவிடுங்கள். மறந்தால் கடைசிவரை அங்கேயே வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்தபின் வரும் புள்ளிவிவரத்தில் 1,800 கல் மிச்சம் என்று காட்டும்.