சீத்தா கேம்பிலிருந்து பாரசீகம் படிக்கப் போகிறவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை "பாரசீகம் படிக்கப் போறேன் அத்தா" என்று வந்து நின்றால், மும்பைச் சீத்தா கேம்பு வீடுகளில் அநேகமாக இரண்டு கேள்விதான் வரும். "பார்ஸிக்காரங்க பாஷையா?" என்பது ஒன்று. "அது சோறு போடுமா?" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். மும்பைப் பார்ஸிகள் வீட்டில் பேசுவது குஜராத்தி. நாம் சொல்லும் பாரசீகம் ஈரானில் ஃபார்ஸி, ஆப்கானிஸ்தானில் தரி, தஜிகிஸ்தானில் தஜிக். முகலாயர் காலத்தில் அரசாங்க எழுத்து வேலை நடந்தது அதில்தான். கம்பெனி ஆட்சி 1837-ல் அதை நீதிமன்றங்களிலிருந்து விலக்கியது. இரண்டாம் கேள்விக்கு இந்தக் கட்டுரை முழுவதும்தான் பதில். வெறும் பட்டம் சோறு போடாது. தமிழும் பாரசீகமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்த இடத்தைக் குறிவைத்துப் படித்தால் போடும்.

கையிருப்பைப் பாருங்கள்

படிவம் வாங்க ஓடுவதற்கு முன், உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1976-ல் ஜனதா காலனியை இடித்து இங்கே கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, பக்கத்துச் சந்தில் உருது என்று மூன்று மொழிக் காதோடு வளர்கிறார்கள். சின்ன வயதில் ஓதப் போன பிள்ளைக்கு அரபு எழுத்தும் தெரியும். பாரசீகத்தில் 32 எழுத்து. அவற்றில் 28 அதே அரபு எழுத்துகள். புதிதாகக் கற்க வேண்டியவை நான்கே: ப, ச, க ஒலிகளுக்கு மூன்றும், 'டெலிவிஷன்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற அந்த மெல்லிய ஒலிக்கு ஒன்றும். உருது படித்தவருக்கு இவையும் பழக்கம்தான். ஓதப் போகாதவர்கள் மனம் தளர வேண்டாம். தினம் அரை மணி உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் எழுத்து வசப்படும்.

ஓதியவர்கள் ஒன்றை மறக்க வேண்டும், ஒன்றுக்குப் பழக வேண்டும். மறக்க வேண்டியது உச்சரிப்பு. அரபில் தனித்தனியாக ஒலிக்கும் நான்கு எழுத்துகளைப் பாரசீகம் ஒரே 'ஸெட்' ஒலியாகத்தான் சொல்லும். பழக வேண்டியது ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் போடாத பக்கத்துக்கு. குர்ஆனில் எல்லா உயிர்க்குறியும் இருக்கும். பாரசீகப் புத்தகத்தில் குறில் உயிர்கள் அச்சில் வருவதே அபூர்வம். சொல் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். அதனால் முதல் ஆறு மாதம் இலக்கணத்தைவிடச் சொற்களுக்கே நேரம் கொடுங்கள். தர்வாஜா, தீவார், ஜமீன், பஜார், கரம் என்று இந்தி வழியாக நூற்றுக்கணக்கான சொற்கள் வாயில் இருக்கின்றன. அவற்றைப் பாரசீக எழுத்தில் எழுதிப் பார்ப்பதே முதல் நோட்டுப் புத்தகம்.

தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் இடம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கில வழியில் வந்த பாடநூல்கள் ஆங்கிலேய மாணவனுக்கு எது கடினம் என்று பார்த்து எழுதியவை. 'ரா' என்ற ஒரு சின்ன உருபை விளக்க அவற்றில் பக்கம் பக்கமாக வரும். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு வரி போதும். "ஃபில்ம் தீதம்" என்றால் படம் பார்த்தேன். "ஃபில்ம் ரா தீதம்" என்றால் அந்தப் படத்தைப் பார்த்தேன். குறிப்பான ஒன்றைச் சொன்னால் உருபு வரும், பொதுவாகச் சொன்னால் வராது. நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் அதே வேலை. வினை கடைசியில் வருகிறது. வினைமுற்றிலேயே 'நான்' இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'போன் பண்ணினேன்' என்பதைப் போலவே பெயரோடு 'கர்தன்' சேர்த்து வினை கட்டுகிறார்கள். ஆண்பால், பெண்பால் கிடையாது. 'அவன், அவள்' இரண்டுக்கும் ஒரே சொல்.

இடறும் இடமும் உண்டு. பெரிய புத்தகம் என்பதைப் 'புத்தகம் பெரிய' என்று திருப்பி, நடுவில் ஓர் 'எ' ஒலி சேர்த்து, "கெத்தாபெ பொஸொர்க்" என்பார்கள். இந்த 'எ' பெரும்பாலும் எழுத்தில் தெரியாது. வாசிக்கும்போது நாமே போட வேண்டும். தேர்வில் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மதிப்பெண் போவது இங்கேதான். தினமும் ஒரு பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்து, எங்கெல்லாம் அந்த 'எ' வரும் என்று பென்சிலில் குறித்துப் பழகுங்கள்.

எழுதுவது ஒன்று, பேசுவது வேறு என்பதும் தமிழருக்குப் புதிதல்ல. போகிறேன் என்பது ஏட்டில் 'மீரவம்', வாயில் 'மீரம்'. ரொட்டி ஏட்டில் 'நான்', தெருவில் 'நூன்'. பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது பெரும்பாலும் ஏட்டு வழக்கு. பேச்சை நீங்களாகத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு குறுக்கு வழி: மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) படத்தைத் தமிழில் சாமி 'அக்கா குருவி' என்று 2022-ல் எடுத்தார். முதலில் தமிழ்ப் படம், பிறகு மூலம். கதை தெரிந்துவிட்டதால் காது வசனத்தை மட்டும் கவனிக்கும். அதில் பேசுவது குழந்தைகள் என்பதால் வாக்கியங்களும் சிறியவை.

எங்கே சேர்வது

பக்கத்திலிருப்பது மும்பைப் பல்கலைக்கழகத்தின் பாரசீகத் துறை, கலினா வித்யாநகரி வளாகத்தில். மான்குர்டில் ஹார்பர் வண்டி பிடித்துக் குர்லாவில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்தால் கலினாவுக்குப் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. வேறொரு கல்லூரியில் பி.காம் அல்லது பி.ஏ. படித்துக்கொண்டே சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்து ருசி பார்ப்பதுதான் நான் சொல்லும் வழி. ஒரு வருடத்தில் இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும், கையிலிருக்கும் பட்டமும் பாழாகாது. இந்த ஆண்டு எந்த வகுப்பு நடக்கிறது, எத்தனை மணிக்கு என்பதை இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் ஜூன் மாதம் துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள். பி.ஏ.வில் பாரசீகம் எடுக்காதவர் எம்.ஏ.வில் சேர என்ன தகுதி வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பலரும் இதைக் கடைசியில் கேட்டுத்தான் ஒரு வருடத்தை விடுகிறார்கள்.

முழுப் பட்டமே பாரசீகத்தில் வேண்டும் என்றால் டெல்லி. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்தே தெரியாதவரும் பி.ஏ. ஹானர்ஸ் பாரசீகத்தில் சேரலாம். நுழைவு 'கியூட்' தேர்வு வழியாக. ஜாமியா மில்லியாவிலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. ஊர்ப்பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927-லிருந்து அரபு, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் நம் ஆட்கள் வழக்கமாக முட்டிக்கொள்வது ஒன்று. மகாராஷ்டிர அரசின் சாதிச் சான்றிதழுக்குக் குடும்பம் எப்போது இங்கே வந்தது என்று பார்ப்பார்கள். பட்டியல் சாதியினருக்கு 10 ஆகஸ்ட் 1950, பிற பிற்பட்டோருக்கு 13 அக்டோபர் 1967. அதற்குப் பின் வந்தவர்களுக்கு மாநில ஒதுக்கீடு கிடைக்காது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வழி வேறு: தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய சான்றிதழ் இருந்தால், அதைக் காட்டி இடம்பெயர்ந்தோருக்கான சான்றிதழை இங்கேயே கேட்டு வாங்கலாம். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். கியூட் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் அத்தாவின் தாளைத் தேடும் வேலையைப் பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

நகரத்தையே வகுப்பாக்குவது

பாரசீகம் படிக்க மும்பையைவிடத் தோதான ஊர் இந்தியாவில் குறைவு. ஈரானிய எழுத்தாளர் ஸாதெக் ஹெதாயத் 1936-ல் இங்கே வந்து பஹ்லவி மொழி படித்தார். அவருடைய 'குருட்டு ஆந்தை' நாவல் முதன்முதலில் வெளிவந்தது இந்த ஊரில்தான், கையால் எழுதிப் படியெடுத்த சுமார் 50 பிரதிகளாக. முதல் பாரசீகப் பேசும் படம் 'தொக்தரே லோர்' 1933-ல் இங்கே அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்தது. அதே கம்பெனிதான் 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' எடுத்தது. ஒப்பீட்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிற எம்.ஏ. மாணவர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

போக வேண்டிய இடம் முதலில் கோட்டைப் பகுதியில் 1916-ல் தொடங்கிய கே. ஆர். காமா கீழ்த்திசை நிறுவனம். ஈரானியல் நூல்களும் சுவடிகளும் அங்கே இருக்கின்றன. டோங்ரியில் 1860-ல் கட்டிய ஈரானியர் பள்ளிவாசலின் நீல ஓட்டு வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுவரில் ஓடும் எழுத்தை வாசிக்க முயல்வதே ஒரு பயிற்சி. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கூலர் அண்ட் கோ போன்ற ஈரானிக் கடைகளுக்கு பன் மஸ்காவுக்காகத் தாராளமாகப் போங்கள். பாரசீகம் பழகலாம் என்று போனால் பரிமாறுகிறவர் இந்தியில்தான் பதில் சொல்வார்.

புத்தகச் செலவு பெரிதாக வராது. ஸ்டைன்காஸ் அகராதி (1892) இணையத்தில் இலவசம். பழைய நூல்களுக்கு இன்றும் அதுதான். செவ்வியல் கவிதைகள் முழுக்க 'கஞ்சூர்' தளத்தில் கிடைக்கும், பல பாடல்களுக்கு ஒலிப்பதிவோடு. ஸஅதியின் 'குலிஸ்தான்' (1258) உரைநடையிலிருந்து தொடங்குங்கள், ஹாஃபிஸ் பிறகு. கவிமணியின் உமர் கய்யாம் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக வந்தது. அதை ரசிக்கலாம், ஆனால் பாரசீகத்துக்கு உரையாக வைத்துக்கொண்டு தேர்வு எழுதக் கூடாது.

சோற்றுக்கு வழி

ஆசிரியர் வேலைக்கு நெட் தேர்வில் பாரசீகம் ஒரு பாடம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் கல்லூரிப் பணியிடங்கள் குறைவு. டெல்லி மருத்துவமனைகளில் ஆப்கானிய நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை உண்டு. அதற்குத் தரி உச்சரிப்பு வேண்டும். ஈரானின் சாபஹார் துறைமுகத்துக்கு 13 மே 2024-ல் இந்தியா 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டதைக் காட்டி இனி வேலை குவியும் என்றார்கள். பொருளாதாரத் தடை எப்போது இறுகும், எப்போது தளரும் என்று யாராலும் சொல்ல முடியாத இடம் அது. அதை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். ஈரானில் வேலை, படிப்பு என்று தரகர் யாராவது வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுறுத்தலைப் பாருங்கள், பணத்தை அதுவரை வெளியே எடுக்காதீர்கள்.

நிலையான வேலை ஆவணங்களில் இருக்கிறது. இந்திய ஆவணக் காப்பகங்களில் பாரசீகத் தாள்கள் மலைமலையாக இருக்கின்றன, வாசிக்க ஆள் இல்லை. அவை அச்செழுத்தில் இல்லை. 'ஷிகஸ்தா' என்ற அவசரக் கையெழுத்தில் புள்ளிகளை விட்டுவிட்டு எழுதியவை. இதைப் பல பாடத்திட்டங்களில் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எம்.ஏ. முதல் ஆண்டிலிருந்தே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலிருந்து வாரம் ஒரு தாளை இறக்கி, வரி வரியாகப் படியெடுத்துப் பழகுங்கள்.

இங்கேதான் தமிழ் கணக்கில் வருகிறது. ஆற்காட்டு நவாபுகளின் வரலாறு பாரசீகத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்பு சொன்ன அரபு, பாரசீகம், உருதுத் துறையின் தலைவராக இருந்த எஸ். முகம்மது ஹுசைன் நயினார் 1934 முதல் அவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றான 'பஹாரே ஆஸம்ஜாஹி' 1823-ல் நவாப் சென்னையிலிருந்து நாகூர் போய்வந்த பயணத்தைச் சொல்வது. வழியெல்லாம் தமிழ் ஊர்ப்பெயர்கள். பாரசீகத்தில் ழ, ள, ண எதற்கும் எழுத்து கிடையாது, குறில் உயிரும் எழுதப்படாது. இப்படி எழுதிய ஊர்ப்பெயரைச் சரியாக அடையாளம் காண டெல்லியில் படித்த பேராசிரியர் திணறுவார். செங்கல்பட்டுக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் போன பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். முஸ்லிம் தமிழ் இலக்கியத்தின் 'நாமா' வகை நூல்களும் இன்னும் பாரசீக மூலங்களோடு வைத்துப் பார்க்கப்படக் காத்திருக்கின்றன.

காப்பகத்துக்குப் போகும்போது துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றும் வேண்டும். பேனாவைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். படம் எடுக்கத் தனி அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். முதல் நாள் பட்டியலை மட்டும் பாருங்கள், இரண்டாம் நாள் ஒரே ஒரு சுவடியைக் கேளுங்கள். அச்சான மொழிபெயர்ப்பு உள்ள நூலாகத் தேர்ந்தெடுப்பது நல்லது: ஒரு பக்கத்தை முதலில் தானே படித்து எழுதி முடித்த பிறகுதான் நயினாரின் ஆங்கிலத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். பிழைகளை நோட்டின் இடது பக்கத்தில், எந்த எழுத்தை எதுவாக வாசித்தோம் என்ற குறிப்போடு எழுதி வையுங்கள்.