வடிவம் மறவா உலோகம்

வளைத்த கம்பியொன்றை வெந்நீரில் இட்டால், அது தன் பழைய வடிவத்திற்கே மீள்கிறது. நிக்கல், டைட்டானியம் அணுக்கள் ஏறத்தாழச் சமமாகக் கலந்த நிட்டினாலின் இயல்பு இது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் ஆராய்ந்த இக்கலவையின் நினைவாற்றல் 1960களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது.

உயர் வெப்பநிலையில் இதன் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அமைகின்றன. இஃது ஆஸ்டனைட் நிலை. குளிர்கையில் அவ்வொழுங்கு சாய்ந்து மார்ட்டன்சைட் நிலை தோன்றுகிறது. அனைத்தும் ஒரே திசையில் சாய்ந்தால் புறவடிவம் மாறிவிடும். ஆகவே, அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராகச் சாய்ந்து, ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று ஈடுசெய்கிறது. பொருளும் ஆடிப்பிம்பமும் போன்ற இவ்வடுக்குகளுக்கு இடைப்பட்ட தளமே இரட்டை எல்லை.

குளிர்ந்த கம்பியை அளவோடு வளைக்கும்போது இவ்வெல்லைகளே நகர்கின்றன. விசைக்கு இசைந்த அடுக்கு வளர, இசையாதது குறுகுகிறது. அணுக்கள் தம் அண்டை அணுக்களைப் பிரிவதில்லை. எனவே, வெப்பம் ஏறியதும் பழைய ஒழுங்கிற்குத் திரும்புகின்றன.

ஆயினும், இரு நிலைகளும் சந்திக்கும் எல்லையில் பொருத்தம் குறைந்தால், மாற்றந்தோறும் நுண்பழுதுகள் சேர்ந்து உலோகம் தளரும். 2013இல் அறிவிக்கப்பட்ட துத்தநாகம், பொன், செம்புக் கலவையில் அப்பொருத்தம் மிகுதி. 16,000 முறைக்குமேல் நிலைமாறியும் அதன் மாற்ற வெப்பநிலை அரை டிகிரி செல்சியசுகூடப் பிறழவில்லை.

குருதிக்குழாயைத் தாங்கும் நிட்டினால் வலைக்குழல் நாள்தோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்புகளைத் தாங்குகிறது. கண்ணுக்குப் புலனாகா எல்லைகளின் ஆய்வு, உயிர்காக்கும் ஆய்வுமாகும்.