ஒரே அனுமானம், இரண்டு முடிவுகள்

விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்துவிட்ட பிறகு தத்துவத்திற்கும் தர்க்கத்திற்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கின்றனர். வானவியல் வரலாற்றின் இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கும்.

யுரேனஸ் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி செல்ல வேண்டிய பாதையிலிருந்து சற்று விலகிச் சென்றது. அறியப்படாத வேறொரு கோள் அதை ஈர்க்கிறது என்று அனுமானித்த பிரெஞ்சு வானவியலாளர் லெவரியே, அக்கோள் இருக்குமிடத்தையும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவில், பெர்லின் வானாய்வகத்தில் காலே என்பவர் தொலைநோக்கியில் தேடினார். கணக்கிட்ட இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் தென்பட்டது.

புதனின் பாதையிலும் ஒரு மாறுபாடு இருந்தது. அது சூரியனை மிக நெருங்கும் புள்ளி, கணக்கைவிடச் சற்று அதிகமாக நகர்ந்து வந்தது. 1859-இல் லெவரியே முன்போலவே, அறியப்படாத கோளோ சிறு கோள்களின் கூட்டமோ அங்கும் இருக்க வேண்டும் என்று அனுமானித்தார். 'வல்கன்' என்று பெயரும் சூட்டப்பட்டது. பல்லாண்டுகள் தேடியும் அது கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு பாகை என்பது 3,600 வில்விநாடி) அளவுள்ள அம்மாறுபாட்டை, 1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கொள்கையால் விளக்கினார். புதிய கோள் தேவைப்படவில்லை. நியூட்டனின் விதியே திருத்தம் பெற்றது.

ஒரே அனுமானம் ஓரிடத்தில் வென்று, மற்றோரிடத்தில் தோற்றது ஏன்? புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற மாறாத தொடர்பை நியாய சாஸ்திரம் 'வியாப்தி' என்கிறது. அது உறுதியானால்தான் மலையில் தெரியும் புகையிலிருந்து நெருப்பை அறிய முடியும். 'பாதை விலகினால் மறைந்த கோள் உண்டு' என்பது அத்தகைய வியாப்தி அன்று. விலகலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். இத்தகைய ஹேதுவை நையாயிகர்கள் 'சவ்யபிசாரம்', அதாவது பிறழக்கூடியது, என்பர்.

அனுமானத்தின் வலிமையை அளப்பது தர்க்கம். அதை உலகில் சோதிப்பது விஞ்ஞானம். சோதனை பொய்க்கும்போது, நாம் ஐயமின்றி ஏற்றிருந்த அடிப்படைக் கருத்துகளையே விசாரிப்பது தத்துவம். காலம் பற்றிய தமது சிந்தனைக்கு ஹியூம், மாக் ஆகியோரின் நூல்கள் துணைசெய்ததாக ஐன்ஸ்டைனே கூறியுள்ளார்.

ஆகவே, விஞ்ஞானம் சொல்லிவிட்டது, இனி விசாரணை வேண்டாம் என்பதும் தவறு. விஞ்ஞானம் மாறுகிறது, அதை நம்பவே வேண்டாம் என்பதும் தவறு. வல்கன் மறைந்தாலும் நெப்டியூன் இருக்கத்தான் செய்கிறது. 'இதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா?' என்று ஒவ்வொரு முடிவிற்கு முன்பும் கேட்டுப் பழகுவதே அறிவைத் தேடுபவன் செய்ய வேண்டிய முதற்பயிற்சி.