பிரிந்த கிளைகளை இணைத்தல்

பலர் கூடி ஒரு நிரலை எழுதும்போது, யார் எதனை எப்போது மாற்றினர் என்பதைக் காத்துவைக்கும் மென்பொருள் 'கிட்' ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தின் 'கெர்னல்' எனும் கருப்பகுதியைப் பேணுவதற்காக, லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை 2005 ஏப்ரலில் உருவாக்கினார். பணியாற்றுவோர் ஒவ்வொருவரிடமும் நிரலின் முழு வரலாறும் ஒரு படியாக இருப்பது இதன் தனிச்சிறப்பு. அனைவர்க்கும் பொதுவான படி தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருக்கும்.

கிளைகள் பிரிவது எங்ஙனம்? மாணவர் இருவர் ஒரே நிலையிலிருந்து பணி தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் இரண்டு பதிவுகளைச் செய்து பொதுப்படிக்கு அனுப்பிவிடுகிறார். அதனை அறியாத இரண்டாமவர் தம் கணிப்பொறியில் மூன்று பதிவுகளைச் செய்கிறார். இப்போது கிளைகள் இரண்டாயின. இரண்டாமவர் தம் பணியை அனுப்ப முயன்றால் கிட் மறுத்துவிடும். இம்மறுப்பு குறையன்று, முதலாமவரின் உழைப்புக்கு அமைந்த காவல் என்க.

செய்யத்தக்கது யாது? முதற்கண் 'ஃபெட்ச்' கட்டளையால் பொதுப்படியின் புதிய பதிவுகளைத் தருவித்துப் பார்த்தல் வேண்டும். இதனால் தம் கோப்புகள் மாறா. பின்னர் வழிகள் இரண்டு. 'மெர்ஜ்' இரு கிளைகளையும் புதியதொரு பதிவில் இணைக்கும். பிரிந்ததும் கூடியதும் வரலாற்றில் நிற்கும். 'ரீபேஸ்' தம் மூன்று பதிவுகளையும் பொதுப்படியின் இறுதிப் பதிவுக்குப்பின் மீண்டும் அமைக்கும். வரலாறு ஒரே கோடாகும். ஆயின், ஒரு பதிவின் அடையாள எண் அதற்கு முந்தைய பதிவையும் சார்ந்ததாதலின், அம்மூன்றும் புதிய எண்களைப் பெறும். எனவே, பிறர் ஏற்கெனவே பெற்றுக்கொண்ட பதிவுகளை ரீபேஸ் செய்தல் தகாது.

இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருப்பின், எது கொள்ளத்தக்கது என்பதை மனிதரே முடிவுசெய்தல் வேண்டும். சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஆராய்வோர்க்கு இது புதிதன்று.

'ஃபோர்ஸ்' எனும் கட்டளையால் வலிந்து அனுப்பவும் இயலும். அவ்வாறு செய்தால் முதலாமவரின் இரண்டு பதிவுகளும் பொதுக்கிளையிலிருந்து நீங்கிவிடும். 'ஃபோர்ஸ் வித் லீஸ்' எனும் கட்டளையோ, தாம் இறுதியாகத் தருவித்த நிலையிலிருந்து பொதுக்கிளை மாறியிருந்தால் அனுப்ப மறுக்கும். ஆயினும், தருவித்ததைப் படித்துப் பாராதவர்க்கு அதுவும் காவலாகாது.

தருவித்தலையும் இணைத்தலையும் ஒருசேரச் செய்வது 'புல்' கட்டளை. 2021இல் வெளியான 2.33ஆம் பதிப்பு முதல், கிளைகள் பிரிந்திருக்கையில் இணைக்கும் வழியை முன்னரே குறிப்பிடாவிடில் அக்கட்டளை நின்றுவிடுகிறது. பிறர் உழைப்பை எவ்வாறு ஏற்பது என்பதைத் தேர்ந்து சொல்லும் கடமை மனிதருடையதே.