கையில் மாதிரி இருந்தால் வழக்கு இல்லை

சரக்கு இறங்கிய பின் "தரம் குறைவு" என்னும் தகராறு நம் மண்டியில் மட்டுமல்ல, கப்பல் வியாபாரத்திலும் உண்டு.

2016 ஆகஸ்டில் எகிப்து, இறக்குமதிக் கோதுமையில் எர்காட் பூஞ்சை துளியும் கூடாது என்றது. உலகம் ஏற்ற வரம்பு 0.05 சதவீதம். துளியும் இல்லையென்று யார் உறுதி தருவார்? வணிகர்கள் டெண்டரை ஒதுக்கினார்கள். செப்டம்பரிலேயே எகிப்து பழைய வரம்புக்குத் திரும்பியது.

லண்டனில் உள்ள 'காஃப்டா' என்னும் தானிய வணிகர் சங்கத்தின் முறை இது: இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து மாதிரி எடுத்து சீல் வைப்பார்கள். தகராறு வந்தால் தொழில் தெரிந்த நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். அந்த மாதிரிதான் சாட்சி.

நான் ஒருமுறை 40 மூட்டை துவரம்பருப்பை மாதிரி எடுக்காமல் இறக்கினேன். வண்டு கண்டு கேட்டதற்கு, "உங்கள் கிடங்கில் பிடித்தது" என்றார்கள். மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு பிடி மாதிரி இல்லை. நஷ்டம் என்னுடையதே.

ஆகவே:

1. ஈரம், கல், உடைசல் எத்தனை சதவீதம் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

2. லாரியிலிருந்து இறக்கும்போதே, விற்றவரின் ஆள் முன்னிலையில், பல மூட்டைகளில் குத்தூசி போடுங்கள்.

3. மாதிரியை மூன்றாகப் பிரித்து, இருவரும் கையெழுத்திட்டு சீல் வையுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று பொதுவானவரிடம்.

பத்து நிமிட வேலைதான். பணமும் மிஞ்சும், பல வருட உறவும் மிஞ்சும்.