கயிறு பிடித்துக் கற்ற சார்பு

பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் அலகு 'உறவுகளும் சார்புகளும்'. வரையறையை மாணவர்கள் தவறில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரே நிழல் உருவுக்கு இரண்டு அம்புக்குறிகள் வந்தால் "இது சார்பு இல்லை" என்று எழுதிவிடுவார்கள். பல ஆண்டுகள் கரும்பலகையிலேயே திருத்திப் பார்த்தேன், பயனில்லை. பிறகுதான் இந்தச் செயல்பாட்டுக்கு வந்தேன்.

தேவையானவை: சணல் கயிறு, அட்டைகள்.

செயல்பாடு: எங்கள் பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். கோவளம், வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம் என்று எழுதிய அட்டைகளுடன் நால்வர் ஒரு பக்கம் நின்றனர். எதிரே நின்ற ஆறு பேரும், தாங்கள் இறங்கும் நிறுத்தத்துக்கு ஆளுக்கொரு கயிறு நீட்டினர். நெம்மேலிக்கு மூன்று, கோவளத்துக்கு இரண்டு, வடநெம்மேலிக்கு ஒன்று. பட்டிபுலத்துக்கு எதுவுமில்லை.

"இது சார்பா?"

"இல்லை டீச்சர், நெம்மேலிக்கு மூணு கயிறு வருது."

"மூன்று பேர் ஒரே நிறுத்தத்தில் இறங்கக் கூடாதா?"

வகுப்பு யோசித்தது. அப்போது, வகுப்பில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி, "எனக்கு இன்னொரு கயிறு வேணும் டீச்சர். சில நாள் பட்டிபுலத்துல பாட்டி வீட்டுக்குப் போவேன்" என்றாள். கொடுத்தேன். அவள் கையிலிருந்து இரண்டு கயிறுகள் போயின.

"இப்பதான் சார்பு இல்லை!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "இன்று மாலை எங்கே இறங்குவாய்?" என்று கேட்டதும் அவள் ஒரு கயிற்றை விட்டாள். மீண்டும் சார்பு. கயிறே இல்லாமல் ஒருவர் நின்றாலும் சார்பாகாது என்பதையும் ஒருவரது கயிற்றை வாங்கிவைத்துக் காட்டினேன். மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம் என்ற சொற்களை அதன் பிறகே எழுதினேன். வீச்சகத்தில் பட்டிபுலம் ஏன் இல்லை என்பதை அவர்களே சொன்னார்கள்.

தொடர்ச்சி: திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலின் தலவரலாறு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது கதை. நாளிலிருந்து மணமகளுக்கு அம்புக்குறி போட்டால் ஒன்றுக்கு ஒன்று, யாரும் விடுபடவில்லை. ஆகவே இருபுறச் சார்பு. மணமகளிடமிருந்து மணமகனுக்குப் போட்டால் 360 அம்புகளும் ஒருவரிடமே சேரும்; மாறிலிச் சார்பு. அதையே திருப்பினால்? "ஒருத்தர் கையில 360 கயிறு, சார்பே இல்லை" என்றாள் அதே மாணவி.

அனுப்பும் கையைப் பாருங்கள், வாங்கும் கையை அல்ல. பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் ஊர் பஸ் நிறுத்தங்களை வைத்து நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.